தோதான வண்டி

“முழங்கால், இடுப்பைவிட உயரத்துக்குப் போகக் கூடாது.”

என் சிவப்பு ஸ்விஃப்ட்டின் கதையை முடித்து வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். 2024 ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்த அம்மாவுக்குத் திருப்பதியில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்வான நாற்காலி கூடாது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், “உங்களிடம் என்ன கார்?” என்றார். சொன்னேன். “சூப்பர் வண்டி மேடம்” என்று முகம் மலர்ந்தவர், உடனே குரலை மாற்றிக்கொண்டு, “அம்மாவுக்கு வேண்டாம்” என்றார்.

புது மூட்டு கூடிவரும் வரை, உட்காரும்போது இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. மடங்கினால் மூட்டு நழுவிவிடும் அபாயம் உண்டு. என் காரின் சீட்டோ தாழ்ந்தது. அதில் ஏற மாட்டோம்; இறங்கி உட்காருவோம். தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுவதுதான் அதன் சுகம். பதினோரு ஆண்டுகள் எனக்கு அப்படிச் சுகமாக இருந்தது அம்மாவுக்கு ஆபத்தாகிவிட்டது.

கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக உதவும் சாதனம், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

2014இல் வாங்கிய வண்டி அது. நீளம் 3.85 மீட்டர். 1,197 சிசி பெட்ரோல் எஞ்சின். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. இந்த எண்கள் சேரும்போது என்ன நடக்கும் என்பது திருமலை மலைப்பாதையில்தான் தெரியும். மலைக்கு முதல் சாலை 1944இல் வந்தது. ஏறுவதற்கென்று இரண்டாவது சாலை 1974இல். வேகமாகப் போனால் அபராதம் போடுகிறார்கள், போடவும் வேண்டும். ஆனால் வேகம் வேறு, விறுவிறுப்பு வேறு. நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே, இரண்டாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவைப் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்பி, முழு வண்டியும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோலப் பின்னால் வருவது ஒரு சந்தோஷம். நல்ல வாக்கியம் ஒன்று தானாக வந்து அமைவதற்குச் சமமானது. என் தொழிலில் அது அடிக்கடி நடப்பதில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. காலையில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவேன். இரவில் தெலுங்குக் கதைகளைத் தமிழாக்குவேன். இருப்பது நகரியில். பெரும்பாலான தமிழ் வாசகர்களுக்கு நகரி என்றால் 2014இலும் 2019இலும் இங்கே எம்.எல்.ஏ.வாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடிகை ரோஜா ஞாபகத்துக்கு வருவார். மற்றபடி இது விசைத்தறி ஊர். ஆந்திரத்துக்குள் இருக்கிறது, பாதி ஊர் வீட்டில் தமிழ் பேசும். தலைக்கு மேல் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலை. நகரி மூக்கு என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் கடலில் வந்த மாலுமிகளுக்குக்கூட அதுதான் அடையாளமாம். எனக்கு அது வேறு விதத்தில் அடையாளம். சித்தூருக்கோ திருப்பதிக்கோ வேலையாகப் போய்விட்டு மாலையில் திரும்பும்போது அந்த மூக்கு தெரிந்தால், இன்னும் சிறிது நேரம்தான் தனியாக இருக்கலாம் என்று அர்த்தம்.

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. இரண்டு பிள்ளைகள், கணவர், மாமியார், அம்மா, இரு பக்கத்திலும் விசைத்தறிச் சத்தம் உள்ள தெருவில் நான் தனியாக இருந்த இடம் அந்தக் கார் ஒன்றுதான். மொழிபெயர்ப்பில் சிக்கிக்கொண்ட பல சொற்கள் புத்தூர் தாண்டிய சாலையில் அவிழ்ந்திருக்கின்றன. வீட்டில் எல்லாருமே அதை ‘உன் வண்டி’ என்றார்கள். பாத்திரம் பண்டத்தில்கூட என் பெயர் பொறிக்காத வீட்டில், அந்த ஒன்றைத்தான் என்னுடையது என்றார்கள்.

எங்கள் வீடு சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்க் குடும்பங்கள் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த வண்டியில் போயின என்ற சரித்திரத்தை இந்தச் சாலையோரம் நின்றே எழுதிவிடலாம். என் சிறுவயதில் எல்லாம் அம்பாசடர். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிகளில் குழந்தைகள். போகும்போது முடியோடு போன தலைகள் வரும்போது சந்தனம் பூசிய மொட்டைகளாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் மொட்டைகளை எண்ணி விளையாடுவோம். 1984இல் வந்த மாருதி வேனுக்குள்ளிருந்தும் எண்ணத் தீராத தலைகள் வந்தன. 1994இல் டாட்டா சுமோ வந்தது. 2000இல் குவாலிஸ், 2005இல் அதன் இடத்துக்கு இன்னோவா. 2012இல் எர்டிகா வந்த பிறகு, டாக்சிக்காரர் இல்லாமல் குடும்பத் தலைவரே ஓட்டிக்கொண்டு ஏழு பேராக மலைக்குப் போகும் வழக்கம் பெருகியது.

இந்த ஊர்வலத்தில் ஒரு வகை மட்டும் கண்ணில் படவே இல்லை. ஸ்டேஷன் வேகன் என்பார்கள். சாதாரண காரின் கூரையைப் பின்னால் டிக்கி முடியும்வரை நீட்டி, சாமான் வைக்கத் தாராளமாக இடம் விட்ட வண்டி. ஐரோப்பியக் குடும்பங்கள் நாயும் கூடாரமுமாக அதில்தான் விடுமுறைக்குப் போகும். இங்கேயும் செய்து பார்த்தார்கள். 1992இல் டாட்டா எஸ்டேட், 2004இல் இண்டிகோ மரீனா. இரண்டும் நிலைக்கவில்லை. ஏன் என்று பலர் பல காரணம் சொல்வார்கள். சாலையோரத்தில் நின்று மொட்டை எண்ணியவள் என்ற தகுதியில் நான் சொல்வது இது: நம் வீடுகளுக்கு வேண்டியது சாமான் வைக்கும் இடமல்ல, இன்னொரு ஆள் உட்காரும் இடம். கிளம்பும் நேரத்தில் வாசலில் வந்து நின்று, “எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குது” என்று சொல்லும் சித்திக்கு ஓர் இடம். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம்; சித்தியை வைத்துக்கொள்ள முடியாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காரை மாற்றாமல் சமாளிக்கத்தான் பார்த்தோம். சீட்டில் தடிமனான மெத்தை போட்டோம். உயரம் சரியாக வந்தது, ஆனால் ஏறும்போது தலை கூரையில் இடித்தது. மெத்தைமேல் பிளாஸ்டிக் பை விரித்தால், முதலில் உட்கார்ந்துவிட்டு வழுக்கினாற்போல் திரும்பிக் காலை உள்ளே வைக்கலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். அம்மா நன்றாகவே வழுக்கினார்; இறங்கும்போதுதான் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணி தன் பங்குக்கு, “புத்தூர்ல கட்டு போட்டிருந்தா இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது” என்றார். தமிழ்நாடெங்கும் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். கை, மணிக்கட்டு என்றால் இன்றும் சனங்கள் அங்கேதான் ஓடுகிறார்கள். எழுபது வயதில் முறிந்த இடுப்பு வேறு சமாசாரம் என்று அண்ணிக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் வாடகை வண்டி வைத்தோம். டாக்டரிடம் போவதற்கு வாடகை கொடுக்க அம்மா ஒப்புக்கொண்டார். கோயிலுக்குப் போக ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் தவறாமல் கிருத்திகைக்குத் திருத்தணி போனவர். வயதான பிறகு 365 படிகளை விட்டுவிட்டு மலைச்சாலையில் காரில் ஏறினாலும், போகாமல் இருந்ததில்லை. விழுந்த பிறகு, “முருகன் எங்க போயிடப் போறான்” என்றார். நான்காவது மாதத்திலிருந்து கிருத்திகை என்றைக்கு என்று கேட்பதையே விட்டுவிட்டார். காலண்டரை அவர் கண்ணெடுத்துப் பார்க்காததைக் கவனித்த அன்று இரவு நான் தீர்மானித்தேன்.

வண்டி தேட ஆரம்பித்ததும் எல்லாரும் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: ‘ப்ராக்டிகல்’ ஆக யோசி. இந்தச் சொல்லைத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்கு வெகுநாளாகவே குழப்பம். நடைமுறைக்கு உகந்தது என்று எழுதினால் அரசாணை மாதிரி இருக்கிறது. உபயோகமானது என்றால் பிளாஸ்டிக் வாளி ஞாபகம் வருகிறது. சித்தூரில் ஒரு குடும்பம் விற்ற 2019ஆம் வருஷத்து எர்டிகாவைப் பார்க்க என்னோடு வந்த நகரி மெக்கானிக், எஞ்சினைக் கேட்டு, அடியில் படுத்துப் பார்த்து, கையைத் துடைத்தபடி தெலுங்கில், “மீக்கு வீலுகா உண்டுந்தி அக்கா” என்றார். வீல் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நான் நான்கு சக்கரங்களையும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: தெலுங்கில் வீலு என்றால் வசதி, சௌகரியம். இருபது வருஷமாகத் தெலுங்கிலிருந்து மொழிபெயர்ப்பவளுக்கு இந்த லட்சணம். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம பக்கம் தோதுன்னு சொல்ல மாட்டமா?” என்றார். தோது. நான் தேடிக்கொண்டிருந்த சொல்.

தோதுக்குக் கணக்கு உண்டு. எர்டிகாவின் நீளம் 4.395 மீட்டர்; ஸ்விஃப்ட்டைவிட ஒன்றே முக்கால் அடி அதிகம். இந்தியாவில் நான்கு மீட்டர் என்பது வெறும் அளவல்ல, எல்லைக்கோடு. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மிகாமல், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார்கள். அன்று முதல் பல கார்கள் வாலை வெட்டிக்கொண்டு பிறக்கின்றன. நான் வண்டி மாற்றிய இரண்டு மாதத்தில், 2025 செப்டம்பர் 22 முதல், அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே போனால் 40 என்றாயிற்று. மாமியாரையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைக்க நினைக்கும் குடும்பம் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் 40இல்தான் போய் நிற்கும்.

இன்னொரு கணக்கு என்னைச் சிரிக்க வைத்தது. என் சின்னக் காரின் டிக்கி 204 லிட்டர். ஏழு சீட்டும் விரித்து வைத்த எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர். ஐந்தே லிட்டர் வித்தியாசம்! கடைசி வரிசையை மடக்கினால்தான் 550. ஆக, ஆள் ஏறினால் சாமானுக்கு இடமில்லை. சாமான் ஏறினால் ஆளுக்கு இடமில்லை. சித்தியா பெட்டியா என்ற கேள்வியைப் பெரிய வண்டியும் தீர்த்து வைப்பதில்லை. ஆனால் சீட்டு உயரம். அம்மாவைச் சித்தூருக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்காருவதுபோலப் பின்பக்கமாக உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே வைத்தார். முழங்கால் இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். அன்றிரவு அம்மா கேட்டார்:

“எனக்காகவா உன் வண்டிய விக்கற?”

“இல்லம்மா. பசங்க வளந்துட்டாங்க. இடம் போதல.”

“பொய் சொல்லாத பாப்பா.”

அப்பா விசைத்தறி ஓட்டியவர். அம்மா வீட்டிலேயே தார் சுற்றுவார். கூலியில் ஒரு பகுதியை யாருக்கும் தெரியாமல் சீட்டுக் கட்டுவார். 2014இல் நான் கார் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு நடந்துகொண்டிருந்தபோது, முன்பணத்துக்கு ரூ. 80,000 குறைந்தது. பெண்பிள்ளைக்கு எதற்குக் கார், அதுவும் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மஞ்சள் பையில் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். பயன்படும் என்று கொடுத்ததாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“நான் ஒரு சைக்கிள்கூட ஏறி மிதிச்சதில்ல” என்றார் இப்போது. “நீ அதுல ஒத்தையா உக்காந்து ஓட்டிட்டுப் போறத தெருவே எட்டிப் பாத்துச்சு. அதுக்குத்தான் குடுத்தேன். என்னத் தூக்கிட்டுத் திரியறதுக்கா குடுத்தேன்?”

என்னிடம் பதில் இல்லை. குடும்பத்துக்காக எதையோ விட்டுக்கொடுக்கிறேன் என்ற ஒரு மெல்லிய பெருமை எனக்குள் இருந்தது. விட்டுக்கொடுப்பது என்னுடையது மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காரில் என்னைவிட அதிகமாக ஆசை வைத்திருந்தவர், அதில் இனி உட்காரவே முடியாதவர்.

மூன்று நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் நான் உண்மையைச் சொன்னேன். “உனக்காகத்தான் விக்கறேன். நீ குடுத்த பணம் உன் காசு. அந்த வண்டிய விக்கறதுல உனக்கும் பங்கு இருக்குது. வேணாம்னா விக்கல. ஆனா கிருத்திகைக்கு உன்ன விட்டுட்டு என்னால போக முடியாது.” அம்மா வெகுநேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பெரிய வண்டிய உன் வீட்டுக்காரர் ஓட்டுவாரா, நீ ஓட்டுவியா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “அப்ப சரி.”

ஸ்விஃப்ட்டை வாங்க வந்தவர் திருத்தணிக்கார இளைஞர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. விலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. காகிதம் முடியத்தான் வாரங்கள் ஆயின. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குப் போவதால் படிவம் 28இல் ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அங்கே போய்ச் சாலை வரி, புது எண். நகரியிலிருந்து திருத்தணி அரை மணி நேர ஓட்டம். அம்மா பிறந்தபோது இரண்டும் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதற்குப் பின் வந்த படாஸ்கர் தீர்ப்பும் எல்லையை மாற்றின. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்தில் நின்றது. முருகன் அந்தப் பக்கம், பக்தர்கள் இந்தப் பக்கம். என் காரும் இப்போது அந்தப் பக்கம் போயிற்று. ஏ.பி. 03 என்ற அதன் எண் சித்தூர் என்று சொல்லும். புதிதாக வந்திருக்கும் வண்டியின் ஏ.பி. 39 எந்த ஊரையும் சொல்லாது. 2019இல் மாநிலம் முழுவதற்கும் அதையே பொது எண் ஆக்கிவிட்டார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது அழவில்லை. அந்தப் பையன் முதல் கியரில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, வண்டி ஒரு குதி குதித்தபோதுதான் தொண்டை அடைத்தது.

எர்டிகா நல்ல வண்டி. நிதானமானது. வளைவில் திரும்பச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு, பின்னால் இருப்பவர்களைக் கலந்துகொண்டு திரும்புவதுபோல எனக்குத் தோன்றும். பெட்ரோல் பங்க்கில், “சார் வரலீங்களா?” என்று கேட்கிறார்கள், சிவப்பு ஸ்விஃப்ட்டில் போனபோது யாரும் கேட்டதில்லை. ஏழு சீட்டு என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் எட்டாவது ஆள் தயாராகிவிடுகிறார். கல்யாணம், வளைகாப்பு, கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டுநர். தனியாக இருக்க எனக்கிருந்த ஓரிடம் போயிற்று. கிடைத்ததைச் சொல்லி இதை ஈடுகட்ட நான் விரும்பவில்லை. இழப்பு இழப்புதான்.

ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்காதது. நடு வரிசை அம்மாவுக்கு வசதி என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். அம்மா ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. முன்னால், என் பக்கத்தில்தான். வாரத்தில் மூன்று நாள், “சும்மா ஒரு சுத்து போய் வரலாமா?” என்கிறார். புத்தூர் வரை போய்த் திரும்புகிறோம். ஏழு பேர் வண்டியில் இரண்டு பேர். ஐந்து சீட்டு காலி. வீட்டில் சொல்லாத கதைகளை எல்லாம் அம்மா காரில் சொல்கிறார். முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்பது காரணமாக இருக்கலாம். அந்தச் சீட்டுப் பணத்துக்காக எத்தனை மாதம் கண் மருந்து வாங்காமல் இருந்தார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் நெரியும் என்று விட்டுவிட்டு, அடுத்த மாதக் கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். பின்னால் மாமியாரும் பிள்ளைகளும். வாசலில் வந்து நின்ற சித்தியும். எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் போய்க்கொண்டிருந்தது. டி.என். எண். என்னுடையது இல்லை, மாடல் வேறு. ஆனாலும் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் போனேன். அம்மாவும் பார்த்துக்கொண்டே வந்தார்.

“உன் வண்டி மாதிரியே இருக்குதில்ல?”

“ஆமாம்மா.”

சாலை நேராக, எதிரே ஆளில்லாமல் கிடந்தது. அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தாண்டு” என்றார்.

மூன்றாவது கியருக்கு இறக்கினேன்.